வெந்தயம் போன வழி

வெந்தயத்தை ஊறவைத்து ஈரத்துணியில் கட்டி முளைகட்டுவது எங்கள் வீட்டில் அம்மா காலத்துப் பழக்கம். உடம்புக்குக் குளிர்ச்சி என்பார். அதனால்தானோ என்னவோ, 2011-இல் ஜெர்மனியில் நடந்ததைப் படித்த நாளிலிருந்து அது என் மனதை விட்டுப் போகவே இல்லை.

அந்த மே மாதம் வட ஜெர்மனியில் ஆட்கள் வரிசையாக மருத்துவமனைக்கு வந்தார்கள். இரத்தம் கலந்த பேதி, பிறகு சிறுநீரகம் செயலிழப்பது. ஈ.கோலை கிருமியில் ஒரு கொடிய வகை. 3,800 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், 50 பேருக்கு மேல் இறந்தார்கள். மே 26 அன்று ஹாம்பர்க் நகர அதிகாரிகள், ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காய்தான் காரணம் என்று அறிவித்தார்கள். சில நாட்களிலேயே அது தவறு என்று தெரிந்தது. வெள்ளரியில் கிருமி இருந்தது உண்மை, ஆனால் ஆட்களைக் கொன்ற கிருமி அதுவல்ல. அதற்குள் ஸ்பெயின் விவசாயியின் காய்களை வாங்க ஆளில்லை.

உண்மையான காரணத்தைப் பிடித்த விதம்தான் என்னை அசத்தியது. சந்தேகம் வட ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலத்தில் முளைகட்டிய பயறு தயாரிக்கும் ஒரு பண்ணைமேல் போனது. ஜூனில் பிரான்ஸில் போர்தோ நகருக்கு அருகே இன்னொரு கூட்டத்துக்கு அதே நோய் வந்தது. அவர்கள் சாப்பிட்ட முளைகள் அந்த ஜெர்மன் பண்ணையிலிருந்து வந்தவை அல்ல. அப்படியானால் இரண்டு இடத்துக்கும் பொதுவானது எது? விதை. நாடுகள் ஒன்றுக்கொன்று பில், சரக்குச் சீட்டு, பேட்ச் நம்பர் எல்லாவற்றையும் அனுப்பின. எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தபோது, 2009 கடைசியில் எகிப்திலிருந்து கப்பலேறிய 15,000 கிலோ வெந்தயத்தில் போய் நின்றது. அதில் வெறும் 75 கிலோ அந்த ஜெர்மன் பண்ணைக்குப் போயிருக்கிறது. இன்னொரு பகுதி இங்கிலாந்துக்குப் போய், 50 கிராம் பொட்டலங்களாகப் பிரிந்து, பிரான்ஸுக்குள் நுழைந்திருக்கிறது. இத்தனைக்கும் அந்த விதைகளைச் சோதித்ததில் ஆய்வகத்துக்குக் கிருமி கிடைக்கவே இல்லை. பில்களை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

அந்தத் தகவல்கள் ஓடிய முக்கிய வழிதான் ஐரோப்பாவின் உணவு, தீவன விரைவு எச்சரிக்கை அமைப்பு. சுருக்கமாக ராஸ்ஃப் என்பார்கள். 1979-இலிருந்து இருக்கிறது. ஒரு நாட்டில் ஆபத்தான உணவு பிடிபட்டு, அது மற்ற நாட்டுச் சந்தைக்கும் போயிருக்கலாம் என்றால், அந்த நாடு 48 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஆணையம் 24 மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் அனுப்பியாக வேண்டும். இரவு, ஞாயிறு என்று விடுமுறை கிடையாது.

"அவசரப்பட்டுத்தானே ஸ்பெயின்காரன் வயிற்றில் அடித்தார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனாலும் என் கருத்து இதுதான்: முதலில் தெரிந்தவர் முதலில் சொல்லிவிட வேண்டும். தவறாகப் போனால் அந்த இழப்பை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அந்த முறை ஐரோப்பிய ஒன்றியம் காய்கறி விவசாயிகளுக்கு 20 கோடி யூரோவுக்கு மேல் இழப்பீடு ஒதுக்கியது. போதாது என்று விவசாயிகள் சொன்னார்கள், அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் காசை ஈடுகட்ட ஒரு வழியாவது உண்டு. சொல்லாமல் மறைத்ததற்கு?

பெல்ஜியத்தைப் பாருங்கள். 1999 ஜனவரியில் கோழித்தீவனத்தில் சேர்க்கும் கொழுப்பில் நச்சு எண்ணெய் கலந்துவிட்டது. பிப்ரவரியிலேயே கோழிகள் காட்டிக்கொடுத்தன. முட்டை குறைந்தது, அடைவைத்த முட்டை பொரியவில்லை, குஞ்சுகள் செத்தன. கோழி வளர்க்கிற எவருக்கும் இது புரியும், தீவனத்தில் ஏதோ இருக்கிறது என்று. ஆனால் அதில் டையாக்சின் என்ற கொடிய நச்சு இருக்கிறது என்று மக்களுக்குத் தெரிந்தது மே மாதக் கடைசியில். அதுவரை நாடே அந்தக் கோழியையும் முட்டையையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு அமைச்சர்கள் பதவி விலகினார்கள், ஜூன் தேர்தலில் ஆட்சியே போனது. மாடுகளுக்குப் பைத்தியநோய் வந்த கதையும் சேர்ந்துகொள்ள, 2002-இல் புதிய உணவுச் சட்டம் வந்தது. எச்சரிக்கை அமைப்புக்குள் தீவனமும் முறையாக வந்தது. மாடும் கோழியும் தின்பதை நாமும் தின்கிறோம் என்பதைச் சட்டத்தில் எழுத இவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

சரி, நமக்கு இதில் என்ன? எள்.

2020 செப்டம்பரில் இந்தியாவிலிருந்து போன எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக பெல்ஜியம் இந்த அமைப்பில் எச்சரிக்கை விட்டது. புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாயு. ஐரோப்பாவில் எள்ளுக்கு அனுமதித்த அளவு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். சில சரக்குகளில் அதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் இருந்தது. ரொட்டி, பிஸ்கட் என்று எள் தூவிய பொருட்களை நாடு நாடாகக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். அக்டோபரில், இந்திய எள்ளில் பாதிச் சரக்கை எல்லையிலேயே சோதிக்க உத்தரவு வந்தது. இந்த வாயுவைச் சரக்கில் அடிப்பது சால்மொனெல்லா போன்ற கிருமிகளைக் கொல்லத்தான். களத்திலும் கிடங்கிலும் சுத்தமாக வைத்திருந்தால் அந்த வாயுவுக்கே வேலையில்லை.

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் நம் ஆட்களுக்குக் கோபம் வருகிறது. "வெள்ளைக்காரன் நம்ம பொருளைக் குறை சொல்றான்." எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. அவர்கள் காசு செலவழித்து நம் எள்ளைச் சோதித்து, என்ன இருக்கிறது என்று நமக்கும் சொல்கிறார்கள். எந்த நாட்டுப் பொருள், என்ன நச்சு என்பது யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கிறது. என் கேள்வி நம்மைப் பார்த்துத்தான். அந்தச் சரக்கின் மிச்சம் உள்ளூரில் எங்கே விற்றது? யாருடைய எள்ளுருண்டையில் போனது?

போன மாதம் எங்கள் தெரு மளிகைக் கடையில் கேட்டேன். "அண்ணாச்சி, இந்த எள் எங்கேருந்து வருது?"

"மொத்தக் கடையிலேருந்துதாம்மா."

"சாக்குல ஏதாவது எழுதியிருந்துச்சா?"

"அதை யார் பார்த்தா? டப்பாவுல கொட்டிட்டுச் சாக்கை வித்துட்டோம்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் அவரிடம் அந்தச் சாக்கைக் கேட்டதே இல்லை. ஆபத்தான உணவைத் திரும்பப் பெறுவதற்கான விதிமுறைகள் இந்தியாவிலும் 2017-இல் வந்துவிட்டன. பொட்டலத்துக்கு அது பொருந்தும், பேட்ச் நம்பர் இருக்கிறது. டப்பாவில் கொட்டிய எள்ளுக்கு? கோழிப்பண்ணைக்கு மூட்டையாகப் போகும் பிண்ணாக்குக்கு? ஜெர்மனியில் 75 கிலோ வெந்தயத்தை எகிப்துவரை பின்னால் போய்த் தேட முடிந்தது. இங்கே எச்சரிக்கை வந்தாலும் அது அண்ணாச்சி கடை டப்பாவரை வந்து சேர ஒரு வழி இல்லை.

அதனால் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அடுத்த மூட்டை பிரிக்கும்போது அந்தச் சீட்டைக் கிழித்து டப்பா மூடியில் ஒட்டிவையுங்கள் என்று. சிரித்தார், ஆனால் சரி என்றார். நேற்றுப் போனபோது துவரம்பருப்பு டப்பாவில் ஒட்டியிருந்தது. எள் மூட்டை இன்னும் வரவில்லையாம்.