எங்கள் பிள்ளைகளிடம் டிகிரி வேண்டாம் என்று சொல்லாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்காக நடந்த கூட்டத்தின் வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பிளஸ் டூ முடித்த பையன் ஒருவன் அதைப் போட்டு, "அக்கா, அப்ப நான் காலேஜுக்கு அப்ளை பண்ண வேணாமா?" என்று கேட்டிருந்தான். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

மேடையில் பேசியவர் பெயரை எழுதப் போவதில்லை. கெட்ட எண்ணத்தோடு பேசினார் என்றும் சொல்லவில்லை. ஆனால் ரிசல்ட் வந்த கையோடு பர்கூர், ஊத்தங்கரை, வேப்பனப்பள்ளி என்று எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்து, "டிகிரி வெறும் பேப்பர். ஆறு மாசம் கோடிங் கத்துக்கங்க, பெங்களூரு உங்களைக் கூப்பிடும்" என்றார். கைதட்டல் வேறு. பேசியவர் பொறியியல் பட்டதாரி. தன் மகள் சென்னையில் பி.டெக். படிப்பதாக அதே மேடையில் பெருமையாகச் சொன்னார். படிக்கட்டும், நன்றாக வரட்டும். உங்கள் மகளுக்கு வேண்டிய டிகிரி எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் வெறும் பேப்பர் ஆகிறது? கூட்டம் முடிந்து வெளியே வரும்போது கோடிங் பயிற்சிக்கு நோட்டீஸ் கொடுத்தார்களே, அதில் கட்டணம் போட்டிருந்ததைப் பார்த்தீர்களா? அரசு கலைக் கல்லூரியில் மூன்று வருடம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆகும் செலவைப் போலப் பல மடங்கு.

திறமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்டில் இதையே பிடித்துக்கொள்வார்கள். பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் கோடு எழுதித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். புரடக்ஷனில், அதாவது மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சாஃப்ட்வேரில், ஒரு பிரச்சினை வந்து ராத்திரி உட்கார்ந்திருக்கும்போது யாரும் என் மார்க் ஷீட்டைக் கேட்டதில்லை. அங்கே கைவேலைதான் பேசும். ஆனால் அந்த நாற்காலிக்குப் போய்ச் சேர்வதற்கு வழி எது? அதைத்தான் மேடையில் இருந்தவர் சொல்லவில்லை.

நாமே பார்ப்போம். பெரிய ஐடி கம்பெனிகள் ஃபிரெஷர்களை, அதாவது படிப்பு முடித்ததும் வருகிறவர்களை, எடுக்கப் போடும் அறிவிப்பு எதையாவது திறந்து படியுங்கள். பெரும்பாலும் பத்தாவது, பன்னிரண்டாவது, கல்லூரி மூன்றிலும் 60 சதவீதம், ஸ்டாண்டிங் அரியர் (தேறாமல் பாக்கி நிற்கும் பாடம்) கூடாது, இந்த வருடம் முடித்த பேட்ச் மட்டும். விண்ணப்பத்தில் டிகிரி என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது. அதைப் படிப்பது மனிதர் இல்லை, மென்பொருள். நீங்கள் எவ்வளவு அழகாகக் கோடு எழுதுவீர்கள் என்று அதற்குத் தெரியாது. தேர்வாகி வந்த பிறகும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் என்று ஒன்று உண்டு. புரொவிஷனல் சான்றிதழ், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட் எல்லாவற்றையும் கல்லூரிக்கே அனுப்பிச் சரிபார்ப்பார்கள். அமெரிக்காவின் எச்1பி வேலை விசாவுக்கும் இளங்கலைப் பட்டமோ அதற்கு இணையான தகுதியோ வேண்டும். பட்டம் இல்லாதவருக்கு, ஒரு வருடக் கல்லூரிப் படிப்புக்கு ஈடாக மூன்று வருட வேலை அனுபவம் என்று கணக்கு. நாலு வருடப் படிப்புக்கு 12 வருடம். வெறும் பேப்பர் என்கிறீர்களே, அதற்கு அவர்கள் போட்டு வைத்திருக்கும் விலை இது.

எங்கள் சித்தப்பா மகன் கதையைச் சொல்கிறேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இன்ஜினியரிங் இரண்டாம் வருடத்தில் ஃபீஸ் கட்ட முடியாமல் நின்றவன். சித்தப்பா அப்போது ஆஸ்பத்திரியில். வீட்டில் இருந்தபடியே யூடியூப் பார்த்து புரோகிராமிங் கற்றான்: முதலில் பி.எச்.பி., பிறகு ஜாவாஸ்கிரிப்ட், பிறகு ரியாக்ட். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்காய் மண்டிக்கு அவனே ஒரு சாஃப்ட்வேர் எழுதினான். எந்த விவசாயி எத்தனை டன் பெங்களூரா ரக மாங்காய் இறக்கினார், கழிவு எவ்வளவு, கமிஷன் எவ்வளவு, சீசனுக்கு முன்னால் வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது, பாக்கி எவ்வளவு, எல்லாம் அதில் வரும். சீசன் நேரத்தில் ராத்திரி ஒரு மணிக்கு லோடு வந்து நிற்கும், நெட் இருக்காது. நெட் இல்லாவிட்டாலும் எடை ஏறும்படி, பிறகு தானாகச் சேர்ந்துகொள்ளும்படி செய்திருந்தான். என்னோடு வேலை செய்யும் பி.டெக்.காரர்களிடம் காட்டினேன், வாயடைத்துப் போனார்கள். சீனியர்களே யோசித்துச் செய்ய வேண்டிய வேலை அது.

பெங்களூருவில் ஒரு கம்பெனியில் எல்லாச் சுற்றும் தேறினான். டெக்னிக்கல் மேனேஜர் கை கொடுத்து, "எப்ப ஜாயின் பண்றே?" என்று கேட்டாராம். அடுத்து எச்.ஆர். பக்கத்தில் சான்றிதழ்களை ஏற்றச் சொன்னார்கள். அதோடு பேச்சு நின்றது. மெயில் போட்டால் பதில் இல்லை, போன் எடுப்பதில்லை. இப்போது அவன் வேறோர் இடத்தில் வெண்டர், அதாவது ஆள் அனுப்பும் வேறொரு கம்பெனி, மூலமாக கான்ட்ராக்டில் இருக்கிறான். பக்கத்து நாற்காலிக்காரர் எழுதும் அதே கோடு, அதே டெட்லைன். சம்பளம் வேறு, அடையாள அட்டையின் நிறம் வேறு, பிராஜெக்ட் முடிந்தால் முதலில் வீட்டுக்குப் போகிறவன் அவன். இந்த நிலையில் சனி, ஞாயிறுகளில் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.சி.ஏ. படிக்கிறான். தினமும் ஆபீசில் செய்யும் வேலையைப் பற்றியே அசைன்மென்ட் எழுதுகிறான். திறமை போதும் என்றால் அவனுக்கு ஏன் இது? பதில் சொல்லுங்கள்.

உடனே பில் கேட்ஸ் வருவார். வந்துவிட்டார், அந்த வீடியோவின் கீழேயே எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள். பில் கேட்ஸ் 1975-ல் விட்டு வந்தது ஹார்வர்டை. சியாட்டிலில் அவர் படித்த லேக்சைட் பள்ளிக்கு 1968-லேயே கணினி முனையம் வந்துவிட்டது. அன்றைக்குப் பல கல்லூரி மாணவர்களுக்கே கிடைக்காத வசதி, அவருக்குப் பதின்மூன்று வயதில் கிடைத்தது. அப்பா வக்கீல். கம்பெனி தோற்றிருந்தால் திரும்பிப் போகப் படிப்பும் இருந்தது, வீடும் இருந்தது. நான் படித்த பள்ளியில் கம்ப்யூட்டர் அறை இன்ஸ்பெக்ஷன் அன்றைக்குத்தான் திறக்கும். காரிமங்கலத்துப் பையனிடம் பில் கேட்ஸைக் காட்டி டிகிரியை விடச் சொல்கிறவர்கள், அவன் தோற்றால் எந்த வீட்டுக்குத் திரும்புவான் என்பதையும் சொல்ல வேண்டும்.

சோஹோ என்ற சாஃப்ட்வேர் நிறுவனத்தைச் சொல்கிறார்கள். அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளை எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்சி தருகிறார்கள். அது நிஜம். ஆனால் அங்கே பயிற்சி தருகிற கம்பெனியே வேலையும் தருகிறது. பணம் வாங்கிக்கொண்டு ஆறு மாதம் சொல்லிக்கொடுத்துவிட்டு, பெங்களூரு கூப்பிடும் என்று அனுப்பிவிடுவதும் அதுவும் ஒன்றா? எச்.சி.எல். என்ற ஐடி கம்பெனிகூட பிளஸ் டூ முடித்தவர்களை டெக்பீ என்ற திட்டத்தில் எடுக்கிறது. எடுத்த பிறகு என்ன செய்கிறது? வேலை பார்த்தபடியே பட்டப்படிப்பில் சேர வழி செய்கிறது. டிகிரி தேவையில்லை என்றால் அவர்கள் ஏன் மெனக்கெடுகிறார்கள்?

கல்லூரியில் ஒன்றும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதும் ஓரளவு உண்மைதான். ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதி, டர்போ சி என்ற பழைய மென்பொருளின் நீலத் திரையில் அதையே டைப் அடித்து வெளியே வந்த தலைமுறை என்னுடையது. கல்லூரியைத் திருத்துங்கள், நானும் வருகிறேன். அதற்காகப் பிள்ளையைக் கல்லூரிக்கே அனுப்பாதே என்பது என்ன நியாயம்? ஏ.ஐ. வந்துவிட்டது என்கிறவர்களுக்கும் ஒன்று. ஆறு மாதத்தில் கற்ற கோடைத்தான் ஏ.ஐ. முதலில் எழுதித் தள்ளுகிறது. ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டா ஸ்ட்ரக்சர், நெட்வொர்க் என்று அன்றைக்கு வேண்டாவெறுப்பாகப் படித்ததுதான் இன்றைக்கு எனக்குச் சோறு போடுகிறது. ஐடியில் ஆட்குறைப்பு வந்தால்கூட டிகிரி இருந்தால் அரசு வேலைக்கு குரூப் 2 எழுதலாம், பேங்க் தேர்வு எழுதலாம். ஆறு மாத சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு எதை எழுதுவது?

இதுவரை எழுதியதெல்லாம் வேலையைப் பற்றி. என்னை உண்மையில் அழ வைத்தது வேறு. அந்த வீடியோவில் முன்வரிசை முழுக்கப் பெண் பிள்ளைகள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பிளஸ் டூ முடித்த பெண்ணுக்குக் கல்லூரி என்றால் என்ன என்று அந்த மேடைக்குத் தெரியுமா? எனக்குப் பரீட்சை முடியும் முன்பே மாப்பிள்ளை வந்துவிட்டது. பெரியப்பா பேசி முடிக்கும் நிலைக்குப் போய்விட்டார். எங்கள் ஆயாதான், பள்ளிக்கூட வாசலில் ஒதுங்காதவர், "புள்ள காலேஜ் போவட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒரே வார்த்தையில் நிறுத்தினார். மூன்று வருடம் யாரும் வாய் திறக்கவில்லை. காலேஜ் போகிற பெண் என்றால் தரகரும் வீட்டுப் படி ஏறத் தயங்குவார். அந்த மூன்று வருடத்தில் பஸ்ஸில் தனியாகப் போகக் கற்றேன், ஹாலில் எழுந்து கேள்வி கேட்கக் கற்றேன், பெங்களூருக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லும் தைரியம் வந்தது. இதெல்லாம் எந்த ஆன்லைன் கோர்ஸில் வரும்?

என்னோடு படித்தவள் ஒருத்தி. பிளஸ் டூவில் சி++ அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, நானே அவளிடம்தான் சந்தேகம் கேட்பேன். அரசு கொடுத்த லேப்டாப் எனக்கும் வந்தது, அவளுக்கும் வந்தது. அவளைக் கல்லூரியில் சேர்க்கவில்லை. வீட்டிலேயே இருந்து கம்ப்யூட்டர் கத்துக்கட்டும் என்றார்கள், அந்த மேடையில் சொன்ன அதே யோசனை. ஐப்பசியில் கல்யாணம். லேப்டாப்பை அவள் கொழுந்தனார் படம் பார்க்க எடுத்துக்கொண்டார். திறமை இருந்ததே ஐயா! கருவியும் இருந்ததே! நேரத்தை யார் கொடுப்பது? வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் படிக்கும் பெண்ணை எந்த வீடு படிக்கிற பெண்ணாக நினைக்கிறது? அடுப்பையும் பார், தம்பியையும் பார், மாட்டையும் பார் என்றுதான் சொல்லும்.

2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவது உயர்கல்வியில் சேர்ந்த பெண்ணுக்குத்தான். கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதுவானாலும் சரி, சேர்ந்திருக்க வேண்டும். அந்த ஆயிரத்தை நம்பி மகளை அனுப்பும் அம்மாக்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் போய் டிகிரி வெறும் பேப்பர் என்று சொல்லிவிட்டு, சால்வையை வாங்கிக்கொண்டு கார் ஏறிவிட்டீர்கள்.

"நீ பொறாமையில் பேசுகிறாய்" என்று ஒருவர் இன்பாக்ஸில் எழுதியிருக்கிறார். "பழைய பஞ்சாங்கம்" என்று இன்னொருவர். எழுதுங்கள். உங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பட்டம் தொங்குகிறது, அதன் கீழே உட்கார்ந்துகொண்டு அது தேவையில்லை என்று உங்களால் சொல்ல முடிகிறது. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவது ஒன்றே ஒன்று. அதை மாட்ட ஆணி அடிக்கும்போது அப்பா கை நடுங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது விண்ணப்பம் போடுகிறவர்கள் கவனியுங்கள். குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கப் போகிறவர் என்றால், இன்ஜினியரிங் கட்டணச் சலுகைக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் இன்றைக்கே பதிவு செய்யுங்கள், கவுன்சலிங் நெருக்கத்தில் அலைய வேண்டாம். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை படித்தவர்கள், இன்ஜினியரிங் போன்ற தொழிற்படிப்புகளில் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டை விடாதீர்கள், அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் பெண் பிள்ளைக்கு ஃபார்ம் போட வீட்டில் தயங்கினால் எனக்கு மெசேஜ் செய்யுங்கள். இந்த ஞாயிறு ஊருக்கு வருகிறேன், வீட்டுக்கே வந்து பேசுகிறேன்.