நகைக்கடைக்கு நான் போகவே இல்லை

இன்று காலை ஆறே காலுக்குத் தலையணைக்கு அடியிலிருந்து ‘டிங்’. எடுத்துப் பார்த்தால், ‘வடசேரி பேருந்து நிலையம் எப்படி இருந்தது? மதிப்பெண் கொடுங்கள்.’ எப்படி இருக்கும்? முந்தாநாள் எப்படி இருந்ததோ அப்படித்தான் இருந்தது. திங்கட்கிழமை விடியற்காலையில் நான் எழுந்து உட்கார்ந்து அதற்கு நட்சத்திரம் ஒட்ட வேண்டுமாம்.

புது போன் வாங்கிப் பத்து நாள் ஆகிறது. பழையது ஆறு வருஷம் உழைத்தது. திரையில் விரிசல், பேட்டரி உப்பிப்போய் முதுகு தள்ளிக்கொண்டிருந்தது. ஆனால் ‘எங்கே போனாய், எங்கே நிற்கிறாய்’ என்று ஒருநாளும் கேட்டதில்லை. இது முதல் நாளே பதினைந்து தடவை ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அமுக்கச் சொன்னது. அமுக்கினேன். நிலப் பத்திரத்தையே படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் நான்.

அன்று சாயங்காலமே ‘உங்கள் பகுதியில் பிரபலமானவை’ என்று ஒரு வரிசை. நாகர்கோவில்காரனுக்கு மெட்ரோ ரயில் நேரம் பார்க்கிற ஆப்! எந்த மெட்ரோ, ஒழுகினசேரிக்கு அடியிலா ஓடுகிறது? அடுத்தது பத்தே நிமிடத்தில் மளிகைச் சாமான் கொண்டுவரும் ஆப். சபலப்பட்டு இறக்கித் திறந்தால், ‘மன்னிக்கவும், உங்கள் பகுதியில் எங்கள் சேவை இல்லை.’ நான் இருக்கிற தெருவரை தெரிந்துதானே கூப்பிட்டாய்? வீடு தேடி வந்து கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு, மண்டப வாசலில் வைத்துப் பந்தி கிடையாது என்பது மாதிரி.

போன ஞாயிற்றுக்கிழமை களியக்காவிளைப் பக்கம் ஒரு வீடு பால்காய்ப்பு. எல்லைக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறேன். அந்தப் பக்கத்து டவரைப் பிடித்ததுதான் தாமதம், போன் மலையாளம் பேச ஆரம்பித்துவிட்டது. கேரளத்துக்கு வருகவாம், படகு வீடு பதிவு செய்ய ஒரு ஆப்பாம். 1956 நவம்பர் 1-ல், குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதே முடிந்துபோன விவகாரம் ஐயா அது. ஒற்றை டவரை வைத்துக்கொண்டு மறுபடி கிளப்பாதே.

இதெல்லாம்கூடப் போகட்டும். செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

வேலை முடிந்து மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினேன். மேலே பாலம், கீழே வழக்கம்போல நாங்கள். பஸ் ஒரு நகைக்கடைக்கு நேராக நின்றது. நின்றது என்றால், டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு டீ குடிக்க இறங்குகிற அளவுக்கு. நான் ஜன்னல் சீட்டு. எனக்கும் கடைக்கும் நடுவே ஒரு நுங்கு வண்டி, ஒரு ஸ்கூட்டர், ஒரு நடைபாதை. இருபத்தைந்து நிமிடம். நான் தூங்கிவிட்டேன். போன் தூங்கவில்லை.

இதன் சூட்சுமத்தை மச்சினன் பிற்பாடுதான் சொன்னான். இது செயற்கைக்கோளை மட்டும் நம்பி இருப்பதில்லையாம். சுற்றிலும் உள்ள வைஃபை பெட்டிகளை மோந்து பார்த்தும் இடத்தைக் கணக்குப் போடுமாம். கடைக்காரர் வைஃபை பலமாக வீசியிருக்கிறது, ஆகவே ஐயா கடைக்குள் இருக்கிறார். நான் வைஃபையை அணைத்துத்தானே வைத்திருந்தேன் என்றால், ‘வைஃபை ஸ்கேனிங்’ என்று தனியாக ஒன்று லொகேஷன் செட்டிங்ஸின் அடியில் கிடக்கிறது. முன்வாசலைப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன், புறவாசல் பப்பரப்பா என்று திறந்து கிடந்திருக்கிறது.

ராத்திரி எட்டரை மணி. நான் குளியலறையில், போன் சாப்பாட்டு மேசையில். ‘டிங்.’ இன்ன நகைக்கடை எப்படி இருந்தது? பின்னாலேயே தங்கச் சேமிப்பு ஆப். அதற்கும் பின்னால் நகைக்கடன் ஆப். வாங்கின சூட்டிலேயே அடகு வைத்துவிடுவேன் என்று அதற்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

வியாழக்கிழமை எங்கள் கல்யாண நாள். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். அப்போதும் மறந்துதான் இருந்தேன்.

குளித்துவிட்டு வந்தால் தட்டில் நெய்மீன் பொரித்தது. சாளைக்கே கணக்குப் பார்க்கிற வீட்டில் செவ்வாய்க்கிழமை நெய்மீன்! “இஞ்ச பாருங்க, இன்னொரு துண்டு வச்சுக்கிடுங்க.” வைத்துக்கொண்டேன். புதன்கிழமை கேட்காமலே ரசவடை வந்தது. மாமியார் போனில் கூப்பிட்டு, “மருமவனுக்கு ஒடம்பெல்லாம் சொகந்தானா?” என்று விசாரித்தார். பதினேழு வருஷத்தில் முதல் தடவை. நான் என்னமோ என் குணத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழன் காலை. புதுச் சேலை கட்டிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். நான் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணும் சொல்லதுக்கு இல்லியா?”

நன்றாக யோசித்துவிட்டு, “கேஸ் புக் பண்ணணும்” என்றேன்.

அவள் தன் போனை எடுத்து நீட்டினாள். என் திரையைப் படம் பிடித்து வைத்திருக்கிறாள்! நாள், நேரம், கடை பெயர், எல்லாம் பளிச்சென்று. “அப்போ இது யாருக்கு வாங்கினீங்க?”

“பஸ்ஸு அங்க நின்னுச்சு.”

“பஸ்ஸு நகைக்கடைக்குள்ள நின்னுச்சா?”

வைஃபை பெட்டி, மோந்து பார்த்தல், எல்லாவற்றையும் சொல்லித்தான் பார்த்தேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரி இருந்தது. மகன் இருக்கிறானே, முதல் நாள் எல்லாவற்றையும் செட் பண்ணிக் கொடுத்தவன், வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டான். அன்று மத்தியானம் சாளைகூட இல்லை.

ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு ஆப்பாகப் பிடித்து ‘அனுமதிக்காதே’ என்று அடைத்தேன். 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், இடத்தைத் துல்லியமாகச் சொல்லாமல் தோராயமாக மட்டும் சொல்லவும் வழி உண்டு. இத்தனை நாள் எனக்கு யாரும் சொல்லவில்லை. தவிர்க்க முடியாத ஆப்களுக்கெல்லாம் தோராயம் போதும் என்று வைத்தேன். ஆனால் போனோடு கூடப்பிறந்து வந்த ஆப் சிலவற்றை நீக்கவே முடியவில்லை, ‘முடக்கு’ என்று மட்டும் இருக்கிறது. இரண்டுக்கு அந்தப் பட்டனும் மங்கிக் கிடக்கிறது. காசு கொடுத்து வாங்கினது நான், உள்ளே குடியிருப்பது அவர்கள்.

வேறு வழி? சனிக்கிழமை நாகர்கோவிலில் ஒரு நகைக்கடைக்கு நிஜமாகவே போனேன். பவுன் விற்கிற விலையில் ஒரு மூக்குத்திதான் முடிந்தது. சாட்சி வேண்டுமே என்று லொகேஷன், ஸ்கேனிங் எல்லாவற்றையும் வாசலிலேயே மறுபடி போட்டுவிட்டேன். முக்கால் மணி நேரம் உள்ளே, குளிரில், கையில் போனோடு.

ராத்திரி ‘டிங்’. அவளையே எடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

‘பரோட்டா கடை எப்படி இருந்தது?’

“பரோட்டா தின்னுட்டுத்தான் வந்தியளா?” மூக்குத்தியின் திருகாணியைத் திருகிக்கொண்டே கேட்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும்தான். அந்தச் சிரிப்பில் லொகேஷனை அணைக்க மறந்துபோனதுதான் இன்று காலை ஆறே காலுக்கு வந்த வடசேரி.

சரி, இவ்வளவு விலை கொடுத்து வாங்கின போனுக்கு டப்பாவில் சார்ஜர் வைக்கவில்லையே, அதை யாரிடம் போய்ச் சொல்ல? கேட்டால் ‘சுற்றுச்சூழல்’ என்கிறார்கள். தனியாக வாங்கினால் மட்டும் சுற்றுச்சூழலுக்கு ஒன்றும் ஆகாதாம்.