கும்மட்டத்தைப் பற்றி நான் சொன்னது இதுதான்

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நம் பள்ளிவாசலில் என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள். மீதிப் பேர் வாட்ஸ்அப்பில் கேட்டிருப்பீர்கள். "பதினோரு வருஷம் அபுதாபில ஏசில தொழுதுட்டு வந்தவருக்கு இப்பதான் நம்ம தகரக் கூரை மேல பாசம் பொங்குது." எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. நம் இமாம் ஹஜ்ரத் உட்கார்ந்திருந்தார், அவர் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டேன். இங்கே பேசுகிறேன்.

பள்ளிக்குக் கும்மட்டமே, அதாவது குவிமாடமே, கூடாது என்று நான் சொல்லவில்லை. அபுதாபியில் இருக்கிற ஷேக் சாயித் பெரிய பள்ளியின் போட்டோவைக் காட்டி "இதே மாடல்" என்று பேர் வைத்து, மேட்டுப்பாளையத்தில் இருந்து லாரியில் ஏற்றி வந்த ஃபைபர் கும்மட்டத்தை நம் பள்ளியின் தலையில் வைக்க வேண்டாம் என்றேன். அவ்வளவுதான்.

அந்தப் பள்ளியை நான் போட்டோவில் பார்த்தவன் இல்லை. லீவு கிடைத்த வெள்ளிக்கிழமையெல்லாம் முஸஃபாவில் இருந்து பஸ் பிடித்துப் போவேன். முதல் தடவை தொழுகை முடிந்தும் வெளியேற மனசு வராமல் ஒரு தூண் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். வெளிப்பக்கம் மட்டும் ஆயிரத்துக்கு மேல் தூண்கள். வெள்ளைப் பளிங்கில் பூங்கொடி படர்ந்து ஏறுகிறது. பெயின்ட் என்று நினைத்து விரலை வைத்தேன். பெயின்ட் இல்லை. பளிங்கைக் குடைந்து, நீலக்கல்லும் செவ்வந்திக்கல்லும் சிப்பியும் இழை இழையாக வெட்டி உள்ளே இறக்கியிருக்கிறார்கள். தாஜ்மகாலில் இருக்கிற அதே கைவேலை. ஒட்டுவது வேறு, பதிப்பது வேறு. கூட்டத்திலும் இதைத்தான் சொன்னேன், யார் காதிலும் ஏறவில்லை.

உள்ளே விரித்திருக்கிற கம்பளம் 5,627 சதுர மீட்டர். ஈரானில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் உட்கார்ந்து கையால் முடிச்சுப் போட்டது. அதில் ஸஃப்புக்கு, தொழுகை வரிசைக்கு, தனியாகக் கலர் கோடு கிடையாது. கம்பளத்தின் இழையையே லேசாகச் செதுக்கி, அணியில் நிற்கிறவன் கண்ணுக்கு மட்டும் படுகிற மாதிரி கோடு எடுத்திருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவனுக்கு அது தெரியாது. தொழ நிற்கிறவனை நினைத்துக்கொண்டு ஒருத்தர் இவ்வளவு யோசித்திருக்கிறார். இந்த யோசனையைக் காப்பியடியுங்கள், நானே முதல் ஆளாக வந்து நிற்கிறேன்.

கட்ட ஆரம்பித்தது 1996. திறந்தது 2007. கட்டச் சொன்ன ஷேக் சாயித் 2004-லேயே மௌத்தாகி அந்தப் பள்ளிக்குப் பக்கத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். முடிந்ததை அவர் பார்க்கவே இல்லை. நம் ஆட்களோ வருகிற ரமலானுக்குள் முடித்தாக வேண்டும் என்கிறார்கள்.

அங்கே ராத்திரி விளக்கு நிலவோடு சேர்ந்து மாறும். பௌர்ணமிக்கு வெள்ளையாக இருக்கும், தேயத் தேய நீலம் ஏறும். சுற்றிலும் தடாகம், அதில் தூண்களின் பிம்பம் விழுந்து கிடக்கும். மழை அபூர்வமான மண்ணுக்கு என்றே யோசித்துச் செய்தது. நம் மலையில் ஆனியில் மழை, ஐப்பசியில் மழை, தையில் உறைபனி. நாலு மணிக்கு மூடுபனி இறங்கினால் மினாராவே தெரியாது. வெள்ளை ஃபைபர் இரண்டே மழைக்காலத்தில் பாசி பிடித்துப் பச்சையாகும். அப்புறம் யார் ஏறித் தேய்ப்பது?

"கூரை ஒழுகுதே" என்பார்கள். ஒழுகுகிறது. போன வருஷம் ரமலான் இருபத்தேழாம் இரவில் வாளி வைத்துக்கொண்டு தொழுதோம், நானும் நனைந்தேன். தகரத்தை மாற்றுங்கள், என் பங்கை இன்றே தருகிறேன். ஒழுகலுக்கு மருந்து கும்மட்டமா?

"கும்மட்டம் இல்லாம அது பள்ளி மாதிரியா இருக்கு?" கீழக்கரைப் பழைய ஜும்ஆ பள்ளியைப் போய்ப் பாருங்கள். மண்டபம் போல வரிசையாகக் கல்தூண்கள். நம் முன்னோர் அந்த மண்ணின் கல்தச்சரை நம்பிக் கட்டியது. மதீனாவில் நபி (ஸல்) எழுப்பிய பள்ளிக்குப் பேரீச்ச மரம்தான் தூண், ஓலைதான் கூரை. அதைவிட உயர்ந்த பள்ளியா நாம் கட்டப்போகிறோம்?

"பசங்க ஆசைப்பட்டு வசூல் பண்ணிருக்காங்க." ஆசையில் தப்பில்லை. ஆனால் ஆசைப்படுகிறவன் மட்டும்தான் பள்ளியை நேசிக்கிறவன், கேள்வி கேட்கிறவன் பொறாமைக்காரன் என்றால் எப்படி? யார் மேல் எனக்குப் பொறாமை? சொல்லுங்கள்.

சரி, மனசில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளியின் மிம்பர், இமாம் ஏறி நின்று குத்பா ஓதுகிற மேடை, என் அத்தா செய்தது. எஸ்டேட்டில் தச்சு வேலை அவருக்கு. பகலெல்லாம் லைன் வீடுகளுக்குக் கதவு, ஜன்னல். ராத்திரி அரிக்கன் விளக்கில் மிம்பர். சில்வர் ஓக் மரம், மூன்று படி, ஆணி அடிக்காமல் கழுந்து வைத்து இறக்கியது. கைப்பிடியில் தேயிலைக் கொழுந்து செதுக்கியிருப்பார், இரண்டு இலையும் ஒரு மொட்டும். அரபு எழுத்தில் கை பிசகிவிடுமோ என்று பயந்து எழுத்துப் பக்கமே போகவில்லை. "நமக்குத் தெரிஞ்சதைப் பிசகில்லாமச் செய்வோம்" என்பார். அபுதாபியில் அந்தத் தூணில் விரல் வைத்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் கொழுந்துதான். 82 கும்மட்டத்தையும் அண்ணாந்து பார்த்தவன், அழுதது ஒரு தூணுக்குப் பக்கத்தில்.

அந்த மிம்பரைத்தான் ஒளு செய்கிற ஹவுது தொட்டி ஓரம் தூக்கிப் போட்டுத் தார்ப்பாய் மூடியிருந்தார்கள். அது இருந்த இடத்தில் மார்பிள் ஸ்டிக்கர் ஒட்டிய பிளைவுட் மிம்பர் வரப்போகிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை சுபுஹு தொழுகைக்குப் பிறகு, பாங்கு சொல்கிற மோதினார் போன் பண்ணினார். "தார்ப்பாய் காத்துல பறந்துருச்சுண்ணே, வந்து பாருங்க." போய்ப் பார்த்தேன். கீழ்ப்படி தண்ணீரில் ஊறி, கழுந்து பிதுங்கி நின்றது. ஜீப்பில் ஏற்றி வந்து அடுப்பங்கரையில் காய வைத்திருக்கிறேன். "பள்ளிச் சொத்தைத் திருடிட்டுப் போயிட்டான்" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். பள்ளிச் சொத்துதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஈரம் போனதும் கீழ்ப்படியைச் சரிசெய்து நானே தூக்கிக்கொண்டு வருவேன். எங்கே வைப்பது என்று மட்டும் ஜமாஅத் சொல்லட்டும்.