நாட்காட்டிக் கழுகும் நாங்கள் கொன்ற கழுகும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் வசன நாட்காட்டியில் ஏசாயா 40:31 இருக்கிறது. "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து, கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள்." பக்கத்தில் வெள்ளைத் தலையும் மஞ்சள் அலகுமாக ஒரு கம்பீரமான பறவை. அது வட அமெரிக்காவின் கழுகு. ஏசாயா அதைக் கண்டிருக்க வழியே இல்லை.

எபிரேய மூலத்தில் அங்கே இருக்கும் சொல் 'நெஷேர்'. அது பெரும்பாலும் பாறுக் கழுகையே குறிக்கிறது என்பது அறிஞர்கள் பலருடைய கருத்து. மீகா 1:16-ஐ எடுத்துப் பாருங்கள். "கழுகைப்போல முழுமொட்டையாயிரு" என்று எழுதியிருக்கிறது. தலை மொட்டையான கழுகு எது? நம் ஊரில் பிணந்தின்னி என்று முகம் சுளித்துச் சொல்கிறோமே, அந்த இனம்தான். எகிப்திலிருந்து உங்களைக் கழுகுகளுடைய செட்டைகளின்மேல் சுமந்துவந்தேன் என்று கர்த்தர் சொல்லும்போது தமக்கு உவமையாக எடுத்துக்கொண்ட பறவையும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். இது தெரிந்த நாளிலிருந்து அந்த நாட்காட்டியை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீட்டுச் செவலைப் பசுவுக்கு மடிநோய் வந்தது. மடி கல்லாக இறுகி, தொட்டாலே துடித்தது. அப்பா இரண்டு இரவு தொழுவத்திலேயே படுத்துக்கிடந்தார். வலி குறைய ஊசி போட்டார்கள். டைக்ளோஃபினாக். ஊசி போட்டதும் அது கொஞ்சம் தண்ணீர் குடித்தது, அப்பாவின் கையை நக்கியது. மூன்றாம் நாள் செத்துப்போனது. அந்தக் காலத்து வழக்கப்படி ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் கொண்டுபோய்ப் போட்டோம். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை அந்த ஓடைக்கரையில் ஒரு மாடு விழுந்தால் வானத்தில் புள்ளி புள்ளியாகப் பாறுகள் வட்டமிடும். பொழுது சாய்வதற்குள் எலும்புதான் மிஞ்சும். எங்கள் செவலையைத் தின்னப் பாறுகள் வந்தனவா என்று எனக்கு நினைவில்லை. வந்திருந்தால் அவற்றைக் கொன்றது நாங்கள்தான்.

அந்த மருந்து மாட்டுக்கு வலியைக் குறைக்கும். ஆனால் ஊசி போட்டு ஓரிரு நாளில் மாடு இறந்துவிட்டால், ஈரலிலும் சிறுநீரகத்திலும் மருந்து தங்கியிருக்கும். அதைத் தின்னும் பாறுவின் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்து, சில நாட்களில் இறந்துவிடும். பாகிஸ்தானில் இறந்த பாறுகளை ஆராய்ந்தவர்கள் 2004-இல்தான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். கூட்டமாக உண்ணும் பறவை என்பதால், நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் நஞ்சு இருந்தாலே போதும், இனமே சரிந்துவிடும். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும் பறவை எப்படி ஈடுகொடுக்கும்? 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்துபோயின. ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் இருந்த பறவை அது.

அழுகிய மாமிசம் தெருநாய்களுக்குப் போனது. நாய்கள் பெருகின, வெறிநாய்க்கடியும் நோய்களும் பெருகின. பாறுகள் மறைந்ததால் நேர்ந்த மனித மரணங்கள் ஐந்தே ஆண்டுகளில் சுமார் 5 லட்சம் என்று 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. இதை நான் வற்புறுத்த விரும்பவில்லை. நமக்குப் பயன்படுவதால்தான் ஒரு ஜீவனைக் காக்க வேண்டுமென்றால், பயனில்லாததை என்ன செய்வோம்?

ஆதியாகமம் முதல் அதிகாரத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். "பலுகிப் பெருகி" என்ற ஆசீர்வாதம் முதலில் நமக்குச் சொல்லப்பட்டதல்ல என்பது வெகுநாள் என் கண்ணில் படவில்லை. ஐந்தாம் நாளில், மனுஷன் உண்டாவதற்கு முன்பே, மீன்களுக்கும் பறவைகளுக்கும் அது சொல்லப்பட்டாயிற்று. நாம் ஆறாம் நாளில் வந்தவர்கள். "ஆண்டுகொள்ளுங்கள்" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அடுத்த அதிகாரத்திலேயே வரும் "பண்படுத்தவும் காக்கவும்" என்பதைக் கைவிட்டுவிட்டோம்.

லேவியராகமம் கழுகை அருவருப்பான பறவை என்கிறதே என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். ஆமாம் ஐயா, தின்னாதே என்று சொல்கிறது. அழித்துவிடு என்று எங்கே சொல்கிறது? சுத்தமில்லாத மிருகங்களையும் ஜோடு ஜோடாகப் பேழைக்குள் சேர்க்கச் சொன்னவர் அவரல்லவா? யோபுவிடம் பேசும்போது, உயரத்தில் கூடுகட்டி, இரத்தம் உறிஞ்சும் குஞ்சுகளை வளர்த்து, பிணம் கிடக்குமிடத்தில் சேரும் கழுகை அவர் தம் கைவேலையாகக் காட்டிப் பெருமைப்படுகிறார். அவர் வெட்கப்படாததற்கு நாம் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

அப்பா செய்தது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். துடிக்கிற பசுவுக்கு இரங்கினார். அந்த மருந்தைப் பற்றி அப்போது யாருக்கும் தெரியாது. இன்று அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. 2006-இல் மாடுகளுக்கான டைக்ளோஃபினாக்கை அரசு தடைசெய்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள் என்பதால் 2015-இல் அதையும் 3 மில்லிக்குச் சுருக்கியது. பாறுகளுக்கு அதேபோல் கேடு செய்யும் வேறு இரண்டு வலி மருந்துகளான கீட்டோபுரோஃபனும் அசிக்ளோஃபினாக்கும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்டன. பாறுகளுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகாம் என்ற வலி மருந்து கிடைக்கிறது. இத்தனைக்குப் பிறகும் "பழைய ஊசிதான் சுருக்காகக் கேட்கும்" என்று தேடிப்போகிறவர்களை நான் பார்க்கிறேன். மனம் பொறுக்கவில்லை. சிறுத்தை அடித்த மாட்டின்மேல் ஆத்திரத்தில் விஷம் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். மாட்டை இழந்தவரின் கோபம் எனக்குப் புரிகிறது, மாட்டை இழந்த வீட்டில் வளர்ந்தவன் நான். ஆனால் அந்த விஷம் சிறுத்தையோடு நிற்பதில்லை.

சத்தியமங்கலம், கோத்தகிரி, கூடலூர் பக்கத்துச் சபைகளின் ஆயர்களுக்கு ஒரு விண்ணப்பம். அறுப்பின் பண்டிகையில் கோழியும் ஆட்டுக்குட்டியும் காணிக்கையாக வந்து ஏலம் போகின்றன. அன்றைக்குப் பிரசங்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்ளுங்கள்: "மாட்டுக்கு வலி ஊசி என்றால் மருத்துவரிடம் மெலாக்சிகாம் கேளுங்கள்." கழுகு வசனத்தின்மேல் நான் கேட்ட பிரசங்கங்களுக்குக் கணக்கில்லை. அந்தக் கழுகுக்காக ஒரு ஜெபம்கூடக் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு உறவினர் ஒருவரைப் பார்க்க அப்பாவை அழைத்துக்கொண்டு தெங்குமரஹாடா போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி, மாயாற்றுக் கரையில் பரிசலுக்குக் காத்திருந்தோம். அந்தப் பள்ளத்தாக்கின் நீர்மருது மரங்களில்தான் தென்னிந்தியாவில் எஞ்சியிருக்கும் வெண்முதுகுப் பாறுகளில் பெரும்பகுதி கூடுகட்டுகிறது. வெயில் ஏறியதும் மேலே இரண்டு வட்டமிட்டன. இறக்கையை ஒருமுறைகூட அடிக்கவில்லை. அப்பா கையை நெற்றியில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பரிசல் வந்த பிறகும் ஏறவில்லை.

"நம் செவலைக்குப் போட்ட ஊசி இப்போதும் கடையில் கிடைக்கிறதா?" என்று கேட்டார்.

கிடைக்கிறது, மனிதர்களுக்கென்று விற்கிறார்கள் அப்பா, என்றேன்.