கன்டென்சர் லோடு: எம்சிபி டெல்டா டி மட்டும் போதாது

தம்பி, 'எம்சிபி டெல்டா டி (நிறை × வெப்ப ஏற்புத்திறன் × வெப்பநிலை வித்தியாசம்) போட்டாலே கன்டென்சர் லோடு, அதாவது நீராவியைக் குளிர்விச்சுத் தண்ணியாக்குற கருவி வெளியேத்த வேண்டிய வெப்பம், வந்துடும், நீராவி எப்பவும் 100 டிகிரியிலதான் தண்ணியாகும்'னு எழுதியிருக்கீங்க. ரெண்டுமே தப்பு.

1 கிலோ நீராவியை 120லேர்ந்து 100க்கு இறக்க சுமார் 40 கிலோஜூல். அதைத் தண்ணியாக்க 2257! பெரிய தொகையையே விட்டுட்டீங்க. காற்றும் நீராவியும் மோல் கணக்கில் (மூலக்கூறு எண்ணிக்கையில்) பாதிப் பாதி இருந்தா, வளிமண்டல அழுத்தத்தில் முதல் துளி விழுறதே சுமார் 82 டிகிரியில். அப்புறமும் தண்ணியாகுறது ஒரே வெப்பநிலையில் முடிஞ்சுடாது. 40 வரை குளிர்விச்சாலும் 8 சதவீத நீராவி காற்றோட போயிடும். அதனால வெப்பநிலையைத் துண்டு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு நீராவி தண்ணியாகுதுன்னு பார்த்து, அதுக்கான வெப்பத்தைக் கூட்டணும்.

இதைப் பார்க்க மணலி ஆலைங்க வரைக்கும் போக வேணாம். தண்டையார்பேட்டை ஆவணிப் புழுக்கத்துல ஏசி டியூபுக்குக் கீழ வச்ச பக்கெட் ராத்திரிக்குள்ள எவ்வளவு ரொம்புதுன்னு பாருங்க. அந்தத் தண்ணிக்கான லோடு உங்க ஃபார்முலாவுல இல்ல.