பதினெட்டு வயசுக்கு அப்புறம் என் தம்பி எங்கே போவான்?

என் தம்பிக்கு இப்போது 37 வயது, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவன். ராமநாதபுரம் மாவட்டம் வேதாளைக் கரையில் மீன் காயப்போடும் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான் என்றால், கலந்து கிடக்கும் குவியலில் சூடை ஒரு பக்கம், காரல் ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டே போவான். ஒன்றுகூட மாறாது. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் மட்டும் நம் முகத்தைப் பார்த்துச் சிரிப்பான்.

அவனுக்குப் பத்து வயதானபோது சொந்தபந்தம் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போங்க. மனநோய் உள்ளவர்களைக் குணமாகும் என்று நம்பிக் கூட்டிப் போகிற தர்கா அங்கே இருக்கிறது. அம்மா கூட்டிப் போனார். தர்காவில் சில வாரம் தங்கினார்கள். தர்கா மீது எனக்கு ஒரு குறையும் கிடையாது. நீ யார், என்ன சாதி, என்ன மதம் என்று கேட்காமல் என் அம்மாவுக்குப் படுக்க இடம் கிடைத்தது அங்கேதான். பக்கத்தில் தனியார் காப்பகம் ஒன்றில், "விட்டுட்டுப் போங்கம்மா, நாங்க பாத்துக்குறோம்" என்றிருக்கிறார்கள். அம்மா கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். வரிசையாகக் கால்களில் சங்கிலி. அன்றைக்கே தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

2001 ஆகஸ்ட் 6 விடிகாலை, ஏர்வாடியில் அப்படி ஒரு காப்பகத்தின் கூரையில் தீப்பிடித்தது. சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன, அங்கிருந்த 500க்கும் மேற்பட்டோர் அரசுப் பராமரிப்புக்குப் போனார்கள். செய்தி கேட்ட அன்று அம்மா அடுப்பே பற்றவைக்கவில்லை.

மனநோய் வேறு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு வேறு என்பது படிக்காத அம்மாவுக்குத் தெரியவில்லை என்று சிலர் சொல்வார்கள். சரி, அரசுக்கு எப்போது தெரிந்தது? வெள்ளைக்காரன் போட்ட 1912ஆம் வருடச் சட்டம் பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவரையும் மனநோயாளியையும் 'பைத்தியம்' என்ற ஒரே சொல்லில் அடைத்தது. இரண்டும் ஒன்றல்ல என்று பிரித்துச் சொன்ன மனநலச் சட்டம் 1987இல் நிறைவேறியது, நடைமுறைக்கு வந்தது 1993இல். என் தம்பி பிறந்தபோது அமலில் இருந்தது அந்தப் பழைய சட்டம்தான். டெல்லியே அப்படி இருந்தபோது வேதாளையில் ஒரு மீன்காரப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதற்கப்புறம் சட்டங்கள் நல்லபடியாகத்தான் வந்தன. 1995 ஊனமுற்றோர் சட்டம் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களையும் கணக்கில் சேர்த்தது. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பெரியவர்களான பிறகும் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க கலெக்டர் தலைமையில் மாவட்டக் குழு அமைந்தது அதனால்தான். தம்பி பெயரில் கணக்குத் தொடங்கப் போன இடத்தில் இந்தப் பாதுகாவலர் சான்று கேட்டுப் பல மாதம் அலையவிட்டார்கள் என்பது தனிக்கதை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்றும் சொன்னது.

அந்த 18தான் என் தொண்டையில் நிற்கிறது. இன்றைக்கு இப்படி ஒரு குழந்தைக்குப் பயிற்சி தர வட்டார வள மையம் இருக்கிறது, சிறப்பு ஆசிரியர் இருக்கிறார், பிசியோதெரபி இருக்கிறது. இதெல்லாம் என் தம்பி காலத்தில் இல்லை, இப்போது வந்ததில் எனக்கு நிஜமான சந்தோஷம். ஆனால் பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்த மறுநாள் காலையில் என்ன? வீட்டுத் திண்ணைதான். அரசு தரும் மாதம் 2000 ரூபாய் வருகிறது, அதற்கு நன்றி. பணம் வந்தாலும் பகல் முழுக்க அவன் போய் இருக்க ஓர் இடம் வேண்டாமா?

அடையாள அட்டைக்கான முகாமில் தம்பி முன்னால் ஒரு பலகையை வைத்து, வட்டக் கட்டை, சதுரக் கட்டையைக் குழியில் பொருத்தச் சொன்னார்கள். அவன் கட்டைகளைப் பெரிது, சிறிது என்று பிரித்து இரண்டு குவியலாக வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். கரையில் அதுதான் அவன் வேலை. அவர்கள் குறைபாட்டின் சதவீதத்தை எழுதினார்கள். அவன் கைக்கு என்ன தெரியும் என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. ஒன்றியத்துக்கு ஒன்று, பெரியவர்களுக்கான பகல்நேர மையம். கூட்டிப் போய்க் கொண்டுவந்து விட ஒரு வேன். கருவாடு தரம் பிரிப்பது, ஓலைப்பெட்டி முடைவது என்று இந்தக் கரையில் இருக்கிற வேலையையே கூலியோடு தரட்டும். அம்மாவுக்கு 68 வயது. முட்டிவலியோடு இன்னமும் அவர்தான் அவனைக் குளிப்பாட்டுகிறார்.

வருகிற திங்கட்கிழமை ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்கப் போகிறோம். மண்டபம், உச்சிப்புளி, திருப்புல்லாணி, கீழக்கரை பக்கம் இப்படி வளர்ந்த பிள்ளையை வைத்திருப்பவர்கள் அடையாள அட்டை நகலோடு வாருங்கள், சேர்ந்தே கொடுக்கலாம். தம்பியும் எங்களோடு வருகிறான்.