சாவு எண்ணிக்கை எழுதிய தாள்

பேரழிவை முன்கூட்டியே சொல்லும் அறிவியல் புனைகதை திரில்லர்களுக்கு என்று தேய்ந்துபோன ஒரு அச்சு இருக்கிறது. எங்கிருந்தோ ஒரு தாள் கிடைக்கும். தாள் முழுக்க எண்கள். நாயகன் ராத்திரி பூரா கண்விழித்துப் பிரிப்பான்: இது தேதி, இது அட்சரேகை, தீர்க்கரேகை, இது சாவு எண்ணிக்கை. நடந்து முடிந்த விபத்துகள் எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தும். இன்னும் மூன்று மிச்சம் என்னும்போது இடைவேளை.

எதிர்காலம் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்க மாட்டேன். அது கதைக்கு நாம் தரும் சலுகை. எனக்கு உறுத்துவது அந்தக் கடைசி எண்தான். எரிமலை எப்போது வெடிக்கும், எவ்வளவு கக்கும் என்பது பூமியின் கணக்கு. எத்தனை பேர் சாவார்கள் என்பதில் பாதிக் கணக்கு மனிதர்களுடையது. கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் 1985 நவம்பர் 13 இரவு வெடித்தது. வெடிப்பு ஒன்றும் பிரமாதமில்லை. உச்சியில் இருந்த பனி உருகிச் சேறாகி, ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி ஆர்மெரோ ஊரை மூட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம். அந்த ஊருக்கு ஆபத்து என்று வரைபடம் அதற்கு முந்தைய மாதமே வந்துவிட்டது. ஆனாலும் 20,000-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 1991 ஜூன் 15-ல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ அதைவிடப் பல மடங்கு பெரிதாக வெடித்தது. முன்பே பல்லாயிரம் பேரை வெளியேற்றியிருந்ததால் சாவு நூற்றுக்கணக்கோடு நின்றது. அதிலும் பெரும்பகுதி, புயல் மழையில் நனைந்து கனத்த சாம்பலைத் தாங்காமல் கூரைகள் இடிந்ததால். முன்கூட்டியே எழுதிய தாளில் எந்த எண்ணைப் போடுவீர்கள்? ஊரைக் காலி செய்ததற்கு முந்தைய எண்ணையா, பிந்தையதையா?

இன்னொன்று. எண் குவியலில் தேதி கிடைத்தது என்று நாயகன் அதிர்ந்து நிற்கும் காட்சிக்குக் கணக்குத் தெரிந்தவர் அதிர மாட்டார். தாறுமாறான 10 லட்சம் இலக்கங்களை எடுங்கள். நீங்கள் விரும்பும் எந்த ஆறு இலக்கத் தேதியும் அதில் எங்காவது இருக்க 63 சதவீத வாய்ப்பு. ஒரு கோடி இலக்கம் என்றால் கிட்டத்தட்ட நிச்சயம். நடந்து முடிந்ததைத் தேடி எடுப்பதில் வித்தை ஏதும் இல்லை. இன்னும் நடக்காத ஒன்றுக்கு இடம், காலம், அளவு மூன்றையும் முன்னாலேயே எழுதி வைத்தால்தான் நிலநடுக்க ஆய்வாளர்கள் அதைக் கணிப்பு என்றே ஏற்பார்கள்.

அப்படி எழுதி வைத்தும் சறுக்கியிருக்கிறார்கள். கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று சராசரி 22 ஆண்டுக்கு ஒருமுறை நிலம் குலுங்கியது. அடுத்தது 1993-க்குள் என்று சொல்லி, இடம் முழுக்கக் கருவிகளைப் புதைத்துக் காத்திருந்தார்கள். இடம் சரி, அளவும் சரி. வந்ததோ 2004 செப்டம்பர் 28. சீனாவின் ஹைசெங்கில் 1975-ல் சிறு அதிர்வுகள் வரிசையாக வந்து எச்சரித்ததால் மக்களை வெளியேற்ற முடிந்தது. அடுத்த ஆண்டு டாங்ஷானில் அப்படி எந்த முன்னதிர்வும் இல்லை. அதிகாரபூர்வக் கணக்கிலேயே 2,40,000-க்கும் மேல் சாவு.

பேரழிவு வருமா என்று தினமும் பார்த்து, நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லும் இயந்திரம் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். பேரழிவு 10,000 நாளுக்கு ஒருமுறை, அதாவது சுமார் 27 ஆண்டுக்கு ஒன்று. அந்த 99 சதவீத இயந்திரம் இந்தக் காலத்தில் சுமார் 100 முறை வெறுமனே அலறும், ஒருமுறை நிஜமாக அலறும். புலி வருது கதைதான். நிஜப் புலி வரும்போது யாராவது சுவிட்சை அணைத்து வைத்திருப்பார்கள். அணைத்தவரை நாயகனாக வைத்து ஒரு கதை எழுதினால் நான் முதல் நாளே படிப்பேன்.

சூரியச் சுடர் பூமியைப் பொசுக்குவதாக இந்தக் கதைகள் வைக்கும் உச்சக்காட்சி பற்றிச் சுருக்கமாக. சுடரின் எக்ஸ் கதிர் ஒளியோடு சேர்ந்தே 8 நிமிடம் சொச்சத்தில் வந்துவிடும். பார்க்கும்போதே வந்தாயிற்று. பின்னால் வரும் மின்னூட்டத் துகள் மேகத்துக்குப் பதினைந்து மணி நேரத்திலிருந்து சில நாட்கள் ஆகும். அதன் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் பெரிய சேதம். அந்தத் திசையோ, 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் காவலிருக்கும் விண்கலத்தை மேகம் கடக்கும்போதுதான் உறுதியாகத் தெரியும். அதற்குப் பிறகு கையில் இருப்பது கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். 1989 மார்ச்சில் அப்படி ஒரு மேகம் வந்து கனடாவின் கியூபெக் மின்கட்டமைப்பு இரண்டு நிமிடத்துக்குள் விழுந்தது. 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் இருட்டு. யாரும் பொசுங்கவில்லை.

திரைக்கதைக்கென்றே நெய்ததுபோல் இருப்பது விண்கல் கணக்கு. கண்டுபிடித்த புதிதில் கல் வரப்போகும் இடம் ஒரு புள்ளியாக இருக்காது. லட்சக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பட்டை. பூமி அந்தப் பட்டைமேல் ஒரு பொட்டு. ஒவ்வொரு இரவும் தொலைநோக்கியில் அளக்க அளக்கப் பட்டை சுருங்கும், பொட்டு அப்படியே இருக்கும். ஆக, பட்டையில் பூமி அடைக்கும் பங்கு கூடும், மோதல் வாய்ப்பும் கூடும். ஒருநாள் பட்டையின் முனை பூமியைத் தாண்டி நழுவினால் வாய்ப்பு பொத்தென்று விழும். 2004 டிசம்பரில் அபோஃபிஸ் என்ற கல் 2.7 சதவீதம் வரை ஏறி விழுந்தது இப்படித்தான். 2025 பிப்ரவரியில் 2024 ஒய்ஆர்4 என்ற கல் 3.1 வரை ஏறியது, சில நாட்களில் ஒன்றுமில்லை என்றானது. ஏற்றத்தின் நடுவில் நிற்பவருக்கு அது விழுமா, நூறு வரை போகுமா என்று தெரியாது. அந்தக் கல் வேறு விலகிப் போய்க்கொண்டிருந்தது. சில வாரங்கள் போனால் தரையிலிருந்து பார்க்கவே முடியாது, மறுபடி 2028-ல்தான். நாள் நெருக்கடி, மங்கும் புள்ளி, ஏறும் எண், வாயைத் திறப்பதா வேண்டாமா என்ற தவிப்பு. இவ்வளவையும் விட்டுவிட்டு மாயத் தாளைத் தேடுகிறார்கள்.

எச்சரிக்கை வந்தும் அதிலுள்ள எண் கொன்றுவிடுகிற கதையும் உண்டு. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வானிலை முகமை, நிலநடுக்கம் வந்த மூன்றே நிமிடத்தில் சுனாமி எச்சரிக்கை கொடுத்தது. ஆனால் நிலப்பிளவு அப்போதும் முழுதாக அளவிடப்படவில்லை. நிலநடுக்க அளவு 7.9 என்று கணக்கிட்டார்கள், உண்மையில் 9. ஆற்றலில் சுமார் 45 மடங்கு வித்தியாசம். அதனால் இவாதே, ஃபுகுஷிமா கரைகளுக்கு 3 மீட்டர் அலை என்று அறிவித்தார்கள். மூன்று மீட்டர்தானே, தடுப்புச் சுவர் இருக்கிறதே என்று இருந்துவிட்டவர்கள் உண்டு. எண்ணைத் திருத்தியபோது பல இடங்களில் மின்சாரம் போய், திருத்தம் காதில் விழவில்லை. 2013 மார்ச்சில் அந்த முகமை முறையை மாற்றியது. மாபெரும் நிலநடுக்கம் என்று சந்தேகம் வந்தால் முதல் எச்சரிக்கையில் மீட்டர் கணக்கே கிடையாது. "மிகப் பெரியது" என்ற சொல் மட்டும்.